சுண்டெலி தேடினாளா?

ஜூன் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள், பெரியவன், சின்னவள் சுண்டெலி மூவரும் நலமா? யாருக்காவது சளி பிடித்திருந்தால் மறைக்காமல் எழுதவும்.

இனிமேல் போன் வேண்டாம். போன வாரம் பேசியதில் பாதிக் காசு சுண்டெலி ரிசீவருக்குள் மூச்சு விட்டதற்கே போய்விட்டது. மீதிப் பாதியில் நீங்கள் "அப்புறம்?" என்றீர்கள், நானும் "அப்புறம்?" என்றேன். ஒரு சம்பளத்தில் நாலு வயிறு நிறைய வேண்டிய வீட்டுக்கு இவ்வளவு அப்புறம் கட்டுப்படியாகாது. கடிதம் என்றால் தபால்தலையோடு போயிற்று.

ஓட்டல் சலவைக்கூடத்தில் என்னை மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். படுக்கை விரிப்பு மலைமலையாக வந்து குவிகிறது. துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, நாலு மூலையும் சேர மடிக்க வேண்டும். மூலை சேரவில்லை என்றால் என் தலைதான் உருளும். விடுதி அறையில் நாலு பேர். பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டைக்கு டிரையரே தேவலை.

நீங்கள் வேலை பார்த்த அச்சகம் மூடியதும், "நீ போ, வீட்டை நான் பார்த்துக்கிறேன்" என்று உங்கள் வாய் சுலபமாகச் சொல்லிவிட்டது. பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. அரிசியை டம்ளரால் அளந்து போடுங்கள், உங்கள் கையால் வேண்டாம், அது தாராளக் கை. பருப்பை ஊறவைத்து அடுப்பில் ஏற்றினால் கேஸ் ஒரு வாரம் கூட வரும். பெரியவனின் ஷூ விரலில் இடித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். அவன் நம் நிலைமை புரிந்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளை.

சுண்டெலி என்னைத் தேடுகிறாளா? தேடினால் என்ன செய்கிறீர்கள்? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் இல்லாத உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 24

சம்பாதிக்கும் மகாராணிக்கு,

இங்கே சளி, இருமல், தும்மல் எதுவும் இல்லை. அங்கே உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை என்றாய், காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொள்.

பணம் வந்து சேர்ந்தது. பைக்கை விற்றுவிட்டேன். முதலில் மனசு கேட்கவில்லை, பிறகு பெட்ரோல் செலவை நினைத்ததும் கேட்டுவிட்டது. காய்கறி இப்போது சந்தை கலையும் நேரத்தில்தான் வாங்குகிறேன். காலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் அந்நேரம் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பால் விஷயத்திலும் ஒன்று கண்டுபிடித்தேன். தினமும் ஒரு டம்ளர் பால் குடிக்க ஆளில்லாமல் திரிந்து, கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை நிறுத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு பஸ் கண்டக்டர் அம்மா குடிவந்திருக்கிறார், தனி ஆள். ஷிஃப்டு வேலை, சமைக்க நேரமில்லை. நான் பெரியவனைப் பள்ளியில் விட்டு வரும்போதும் சந்தைக்குப் போகும்போதும் அவர் சுண்டெலியைப் பார்த்துக்கொள்கிறார். பதிலுக்கு நம் உலையில் அவருக்கும் ஒரு பங்கு. காசு கைமாறுவதில்லை, சோறுதான் கைமாறுகிறது. வெளியே ஆள் வைத்தால் உன் சம்பளத்தில் கால் பங்கு போயிருக்கும்.

பெரியவன் கணக்கில் நல்ல மதிப்பெண். வேறு விசேஷமில்லை.

உன்,
வீட்டிலேயே இருக்கும் வீட்டுக்காரன்

ஜூலை 11

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். முதுகுவலி முதுகிலேயே இருக்கிறது, எங்கும் போகவில்லை.

ஏழு வருடம் நான் நடத்திய வீடு. நீங்கள் கையில் எடுத்த மூன்றாவது வாரமே பால் மிச்சம், காய் மிச்சம், ஆள் செலவு மிச்சம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். சந்தோஷமாக இல்லை. அப்படியானால் நான் இருந்தபோது ஊதாரித்தனமாகவா நடத்தினேன்? அந்த ஒரு டம்ளர் பால் ராத்திரி பிள்ளைகள் எழுந்து கேட்டால் இருக்கட்டும் என்று வைத்த பால். கொட்டினாலும் பரவாயில்லை என்று தெரிந்தே வைத்தது.

அந்தக் கண்டக்டர் அம்மாவுக்கு என்ன வயசு? தனி ஆள் என்றால் எப்படித் தனி? உங்கள் உலையில் அவருக்கு ஒரு பங்கு என்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? ஊராருக்கு மட்டும் அன்னதானம்.

நேற்று விருந்தாளி ஒருவரின் துணி மூட்டையில் சின்னக் கவுன் ஒன்று வந்தது. சுண்டெலி அளவு. அதை வேறு யாரையும் தொடவிடாமல் நானே தேய்த்தேன். தேய்த்து முடித்ததும் அந்தப் பிள்ளையின் அம்மாமேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்குப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஊதாரி

ஆகஸ்ட் 2

கோபக்காரிக்கு,

எல்லோரும் நலம். நீ நலமில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஒவ்வொரு புள்ளியும் தாளைக் கிழித்திருக்கிறது.

கண்டக்டரம்மாவின் வயது எனக்குத் தெரியாது. கேட்டேன். பாக்கிச் சில்லறை கேட்ட பயணியிடம் சொல்கிற மாதிரி, "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்றார். காதோரம் நரை இருக்கிறது, குரல் தெருமுனை வரை கேட்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விவரம். நீ வந்தால் உனக்கும் டீ போட்டுத் தருகிறேன். இப்போது நன்றாகவே போடுகிறேன்.

ஒரு வேடிக்கை. நேற்று அவர் டியூட்டி முடிந்து சீருடையோடு உள்ளே நுழைந்ததும் சுண்டெலி இரண்டு கையையும் நீட்டி "ம்மா" என்றாள். பெரியவனும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கண்டக்டரம்மாவுக்கு வெட்கமே வந்துவிட்டது.

பெரியவனுக்கு ஷூ வாங்கிவிட்டேன், பழைய ஸ்டாக், பாதி விலை.

அன்புடன்,
டீ மாஸ்டர்

ஆகஸ்ட் 13

சிரித்தீர்கள். நல்லது, சிரியுங்கள்.

மேனேஜரிடம் நின்று, கெஞ்சி, மூன்று நாள் விடுப்பு வாங்கிவிட்டேன். செப்டம்பர் 14 காலை வந்து சேருவேன். டிக்கெட் எடுத்தாயிற்று. கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அவளைப் பெற்றவள்

அக்டோபர் 8

அன்புள்ளவளுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கார்டு கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

இந்த மாதம் செலவு சற்றுக் கையைக் கடித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சமாளித்துவிட்டேன்.

நீ வந்தபோது சொன்ன ஜனவரி விடுப்பைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். போகவர டிக்கெட் பணம் பெரியவனின் ஒரு தவணைப் பள்ளிக் கட்டணத்துக்குச் சரியாக இருக்கிறது. மூன்று நாளுக்காக அவ்வளவு செலவு வேண்டுமா? கோடை விடுமுறையில் சேர்த்து வந்தால் நிம்மதியாக இருக்கலாமே. நீதான் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சொல்கிறவள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்டோபர் 19

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. தபால் ஆபீஸ் ஆள் விசாரித்த மாதிரி இருந்தது.

வரவேண்டாம் என்று நேராக எழுதியிருக்கலாம். பள்ளிக் கட்டணத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த மூன்று நாளில் நான் பார்த்ததை நானும் நேராகவே எழுதுகிறேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் சுண்டெலி உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடன் வசூலிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தாள். என் அடுக்களையில் உப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டதும் பதில் சொன்னது நீங்களில்லை. "மேல் தட்டுல, இடது பக்கம் பாருங்க" என்று வாசலில் நின்றபடியே சொன்னார் கண்டக்டரம்மா. அவர்மேல் தப்பில்லை, நல்ல மனுஷிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஆமாம், எனக்குப் பொறாமை. அவர்மேல் மட்டுமில்லை, உங்கள்மேலும்தான். நீங்கள் சுண்டெலிக்குத் தலை வாருகிறீர்கள், அவள் ஆடாமல் உட்காருகிறாள். நான் சீப்பை எடுத்தால் எழுந்து ஓடுகிறாள். பெரியவன் காலில் முள் குத்தினால் "அப்பா" என்று கத்துகிறான். முன்பு அது என் பெயராக இருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லலாம். நான் இல்லாமலும் ஓடுகிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசி ராத்திரிதான் அவளாக வந்து என் மடியில் படுத்தாள். என் தோடைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். "முழிச்சா அழுவா, தூங்கும்போதே கிளம்பிடு" என்றீர்கள். கிளம்பிவிட்டேன். எழுந்து தேடினாளா என்று கேட்டுத்தான் கார்டு போட்டேன். மூன்று வாரம் கழித்து "எல்லோரும் சௌக்கியம்" என்று பதில் வருகிறது.

தேடவில்லை என்றால் தேடவில்லை என்றே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். இங்கே நான் மடிக்கிற விரிப்புகள்கூட எந்த அறைக்குப் போகிறோம் என்று தெரிந்துதான் போகின்றன.

இப்படிக்கு,
உப்பு எங்கே என்று கேட்டவள்

நவம்பர் 6

அன்புள்ளவளுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். நான் கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். ஜனவரியில் வர வேண்டாம். இது உன் நல்லதுக்கும் பிள்ளைகள் நல்லதுக்கும்தான். வேறு எதையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பெரியவன் காலில் முள் குத்திய இடம் ஆறிவிட்டது.

நவம்பர் 14

சரி. வரவில்லை. இம்மாதப் பணம் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதினால் போதும்.

டிசம்பர் 3

அன்பான தங்கச்சிக்குப் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் எழுதுவது,

நல்லா இருக்கியாம்மா? நான் ஓடிக்கிட்டிருக்கேன், பஸ்ஸும் ஓடிக்கிட்டிருக்கு. டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்துக் குலுங்கினால் அது என் வழக்கம். முகவரி எனக்கு மனப்பாடம். உன் வீட்டுக்காரர் கடிதங்களைத் தபால்பெட்டியில் போடுகிறவள் நான்தான்.

நீ போட்ட கடைசிக் கார்டை என் கையில் கொடுத்து, "இதுக்கு என்ன அர்த்தம் அக்கா?" என்று கேட்டார். ரெண்டே வரி, படித்தேன். இதற்கு அர்த்தம் வேறு கேட்கணுமா? அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலில் உப்பு ஒரு நாள் இல்லை, ஒரு நாள் ரெண்டு தடவை. நான் அந்தச் சோற்றை நம்பி இருக்கிறவள், அதனால்தான் தலையிடுகிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறார் உன் வீட்டுக்காரர். நீ கிளம்பிப் போன காலையில் பிள்ளை எழுந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தது. துணிக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தது. அப்புறம் ஆரம்பித்ததம்மா அழுகை, என் பஸ் ஹாரன் தோற்றது. யார் ஊட்டினாலும் துப்பியது. நான் தூக்கப் போனேன், என் டிக்கெட் பையாலேயே என்னை அடித்தது. காய்ச்சல் வந்துவிட்டது. ஒரு வாரம் அவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், டாக்டரிடம் ரெண்டு தடவை ஓடினோம். "இதை அவளுக்கு எழுதாதீங்க, தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து நிப்பா" என்று என் வாயை அடைத்துவிட்டார். நீ வந்து போனால் மறுபடியும் அப்படி ஆகும் என்று பயந்துதான் ஜனவரியில் உன்னை வராதே என்கிறார்.

இன்னொன்று. என்னை "ம்மா" என்றது உண்மைதான். அடுத்த நிமிஷமே கேஸ் சிலிண்டரைப் பார்த்தும் "ம்மா" என்றது. பால்காரரையும் விடவில்லை. அந்த வார்த்தைக்கு உரிய ஆள் எங்கே என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுப் பார்த்தது போலிருக்கிறது. நான் பிள்ளை பெறாதவள், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உடம்பைக் கவனி. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, வந்து சேர்.

அக்கா

டிசம்பர் 10

அன்புள்ள மறைப்புக்காரருக்கு,

நலம். இவ்வளவு நலமாக இந்த ஆறு மாதத்தில் நான் இருந்ததில்லை.

அக்கா எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள். பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்தாள் என்று படித்து ஒரு தாய் சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன். முதலில் அழுதேன், பிறகு சந்தோஷப்பட்டேன், பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது. கடைசியில்தான் பிள்ளைக்கு இப்போது உடம்பு எப்படி என்ற கவலை வந்தது. என்னை நல்ல தாய் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

துணிக்கூடையைக் கவிழ்த்துத் தேடினாளாமே. அந்த ஒரு வரி என் வயிற்றில் பால் வார்த்தது. உருளைக்குப் பக்கத்தில் நின்று அதையே திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு விரிப்பு தீய்ந்துவிட்டது. சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

நான் என்ன கேட்டேன் உங்களிடம்? சேலை கேட்டேனா, நகை கேட்டேனா? தேடுகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து கேட்கிறேன். பாலில் மிச்சம் பிடியுங்கள், பருப்பில் மிச்சம் பிடியுங்கள், இதிலுமா மிச்சம் பிடிப்பது? அவள் அழுதாள் என்றால் நான் வேலையை விட்டுவிட மாட்டேன். அவள் அழவே இல்லை என்று நினைத்த நாளில்தான் எதற்காக இங்கே நிற்கிறோம் என்று மூட்டை கட்டப் பார்த்தேன்.

ஜனவரி கடைசியில் வருகிறேன். இந்தத் தடவை தூங்கும்போது கிளம்ப மாட்டேன். பட்டப்பகலில் அவளிடம் சொல்லிக்கொண்டு, அவள் பார்க்கப் படியிறங்குவேன். அழட்டும், நானும் அழுகிறேன். நான் போனபிறகு நடப்பதை ஒன்று விடாமல் எழுதுங்கள். எதை எறிந்தாள், எதைத் துப்பினாள், எல்லாம் வேண்டும். என் சம்பளம் முழுக்க உங்களுக்கு வருகிறது. இது ஒன்றாவது எனக்கு வரட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுண்டெலி தேடிய ஆள்

பிப்ரவரி 6

என் வீட்டுக்காரிக்கு,

போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. இங்கே எல்லோரும் நலமா என்றால், நலமில்லை. நீ கேட்டபடி எழுதுகிறேன்.

நீ படியிறங்கியதும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே தூக்கி வந்தால் என் சட்டைப் பையைக் கிழித்துவிட்டாள். மதியம் முட்டை தரையில். அம்மா வேலைக்குத்தான் போயிருக்கிறாள் என்று பெரியவன் ஒரு பஸ்ஸையும் உன்னையும் வரைந்து காட்டினான். பஸ்ஸைக் கிழித்து எறிந்துவிட்டு உன்னை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அரை டம்ளர் பால் இறங்கியது, அதற்கடுத்த நாள் சோறும் இறங்கியது. காய்ச்சல் வரவில்லை. சொல்லிக்கொண்டு போனதுதான் சரி, நீ சொன்னது சரி. பெரியவன் அழவில்லை என்கிறான், ஆனால் அவன் தலையணையை வெயிலில் காயப்போட வேண்டியிருந்தது.

இனி நீ கேட்காத ஒன்றை எழுதுகிறேன். நீ வேலையை விட்டுவிடுவாய் என்று பயந்து மறைத்ததாக அக்கா உனக்கு எழுதினார். அவரிடம் நான் அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மைகூட இல்லை.

இந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவன் நான். தலை வாருகிறவன் நான். எந்தப் பருக்கை தொண்டையில் சிக்கும், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவாள் என்று அறிந்தவன் நான். அந்த ஒரு வாரம் முழுவதும் அவளைத் தோளில் போட்டு நடந்தேன். ஒரு தடவை காய்ச்சலில் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. பார்த்துவிட்டு, நான் நீ இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மூன்று நாள் வந்தவளுக்கு அவ்வளவு கண்ணீர். அதை என் கையால் உனக்கு எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பள்ளிக் கட்டணம், டிக்கெட் பணம் எல்லாம் பிறகு தேடிப் பிடித்த காரணங்கள். நீ எழுதிய பொறாமையைப் படிக்கும்போதெல்லாம், இவளுக்கு என்ன குறை, இவளுக்காகத்தானே பிள்ளை அழுகிறாள் என்று எனக்குள் எரிந்தது. சம்பாத்தியமும் உனக்கு, அழுகையும் உனக்கு என்றால் எனக்கு என்ன என்றுகூட நினைத்தேன். இவ்வளவு சின்ன மனசுக்காரனிடம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

முதுகுக்குத் தைலம் வாங்கித் தேய். ஏப்ரலில் விடுப்புக் கேட்டுப் பார். டிக்கெட்டுக்கு எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டேன். நீ வந்துவிட்டுப் போனால் அவள் அழுவாள், எனக்கு வயிறு எரியும். பரவாயில்லை, வா.

உன்,
வீட்டுக்காரன்